சூசையம்மாள் கூப்பிட்ட பெயர்

ஜெசிந்தாவின் வீட்டில் பிராங்க்ளின் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அண்ணன் இறந்த புதிதில், ஏதோ பேச்சுவாக்கில் அம்மா அந்தப் பெயரை எடுத்தாலே நைனா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். சில தடவை அப்படி ஆனதும் அம்மா நிறுத்திக்கொண்டாள். ஜெசிந்தாவும் நிறுத்திக்கொண்டாள். சுவரில் இருந்த படம் பீரோவுக்குள் போயிற்று.

நைனா அருளப்பன் பழவேற்காடு ஏரியில் நண்டு வலை போடுகிறவர். தன்னோடு இந்தப் பிழைப்பு போதும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். "தண்ணிய நம்பி நான் பட்டது போதும். நீ ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து சம்பாரி" என்று பிராங்க்ளினைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டவரே அவர்தான். பிராங்க்ளினுக்குப் படகுதான் இஷ்டம். ஆனாலும் போனான். ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடித்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தவன் மேல் லாரி ஏறியது. ஏரியில் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பான் என்று ஊரில் ஒருவரும் அருளப்பனிடம் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஜெசிந்தா மட்டும்தான். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் விஸ்காம் எனும் சினிமா, ஊடகப் படிப்பில் சேர்ந்தாள். அம்மா சூசையம்மாள் பொன்னேரி மார்க்கெட்டில் நண்டும் மீனும் விற்கிறவள். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். அம்மா கூடையோடு பின்படிக்கட்டு ஓரம் உட்காருவாள், மகள் புத்தகப் பையோடு முன்னால் நிற்பாள். கல்லூரிப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று மகளை முன்னால் போகச் சொன்னது அம்மாதான்.

கடைசி வருடம் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கவேண்டும். ஜெசிந்தாவின் குழுவில் பழவேற்காட்டு ஆசிக் டைரக்டர். அவன் பக்கத்துத் தெரு ரிஃபா கதையும் ஒலிப்பதிவும். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் தானியேல் கேமரா. எடிட்டிங்கும் மிச்சம் மீதி வேலைகளும் ஜெசிந்தாவுக்கு.

ரிஃபா எழுதிய கதை சின்னது. ஏரிக்கரைப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகிறான். அம்மா கரைக்கு ஓடிவந்து, "சேகரு! சேகரு!" என்று கூப்பிடுகிறாள். படகு திரும்பாமல் போகிறது. அவ்வளவுதான்.

முதல் நாள் பேட்டரிக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டு வந்தான் தானியேல். இரண்டாம் நாள், பையனாக நடிக்க வந்தவன் வேறு சட்டையில் வந்து நின்றான். பூநாரைகளைக் கண்டால் போதும், தானியேல் கதையை விட்டுவிட்டு அவற்றை எடுக்கப் போய்விடுவான். "இது படமா, பறவை கணக்கெடுப்பா?" என்று ரிஃபா கத்துவாள். யார் தப்பு என்று சண்டை போடுவதிலேயே பாதி வெளிச்சம் போய்விடும். மாலையில் ஏரிப் பாலத்தருகே டீ குடிக்கும்போது சமாதானம் ஆவார்கள். அண்ணன் போனபின் ஜெசிந்தா சத்தம் போட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

அம்மா வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நாடக நடிகை வருவதாக இருந்தது. முந்தின நாள் போன் செய்து வர முடியாது என்றுவிட்டார். படகுக்காரரைத் திரும்பப் பிடிக்க முடியாது, கேமராவையும் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தாகவேண்டும். ஆசிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேறு வழி தெரியாமல்தான் ஜெசிந்தா வீட்டில் கேட்டாள்.

சூசையம்மாள் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "நானா? எனுக்கு இன்னா தெரியும்? இன்னா பேசணும்?"

"பேச்சே கெடையாதும்மா. பையன் படகுல போறான். நீ கரைல நின்னு பேரச் சொல்லிக் கூப்புடணும்."

"சத்தமாவா?"

"ஆமா. நல்லா சத்தமா."

அம்மாவின் கை கொஞ்ச நேரம் நண்டின்மேல் அசையாமல் இருந்தது. "சரி, வரேன்" என்றாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று ஜெசிந்தா எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய் ஆசிக்குக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலை, தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது. தானியேல் படகில் ஏறி, தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பதாக ஏற்பாடு. கரையில், சூசையம்மாளின் முந்தானைக்குள் மைக்கைச் செருகிவிட்டு, ரெக்கார்டரோடு ஒரு படகின் மறைவில் ரிஃபா உட்கார்ந்துகொண்டாள். ஜெசிந்தாவும் ஆசிக்கும் அவள் பக்கத்தில்.

"ஆன்ட்டி, பையன் பேரு சேகர். படகு நகந்ததும் கூப்புடுங்க" என்றான் ஆசிக்.

சூசையம்மாள் தலையாட்டினாள்.

படகு நகர்ந்தது. அவள் முழங்கால் தண்ணீர் வரை போனாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"பிராங்க்ளினு!"

படகின் மறைவிலிருந்து ஜெசிந்தா தலையை நீட்டினாள்.

"டேய் பிராங்க்ளினு! வந்துருடா! நைனா ஒண்ணும் சொல்லாதுடா, வூட்டுக்கு வந்துரு! பிராங்க்ளினு!"

மார்க்கெட்டில் கூவி விற்ற தொண்டை. ஏரி முழுக்கக் கேட்டது. அக்கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரிஃபா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆசிக் அசையவில்லை. ஜெசிந்தாதான் எழுந்து, "கட்! போதும், கட் பண்ணு!" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினாள்.

அம்மாவைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். அம்மா அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார்கள். "சேகரு" என்று சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரம் கேட்பது போல இருந்தது. மூன்றாவது தடவை எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கல்லூரி எடிட்டிங் அறையில் அந்த முதல் ஷாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். ஆசிக் சொன்னான்: "இத அப்படியே வெச்சுருவோம் ஜெசி. கதைல பையன் பேர பிராங்க்ளின்னு மாத்திக்கலாம். இந்த மாதிரி ஒண்ண நாம எழுதி வாங்க முடியாது."

"வேணாம்."

"ஏன்?"

"எங்க அம்மா வாய் தவறிச் சொன்னது அது. அத வெச்சு நீ கைதட்டு வாங்கப் போறியா? எங்க நைனா பாத்தா இன்னா ஆவாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"நான் கைதட்டுக்காகச் சொல்லல."

"அப்போ எதுக்கு? ஒங்க வூட்ல செத்திருந்தா வைப்பியா?"

தானியேல் தரையைப் பார்த்தபடி, "அவங்க அம்மா. அவ சொல்றதுதான்" என்றான். ரிஃபாவும் தலையசைத்தாள். அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சூசையம்மாளை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்க்கெட் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.

முதல் ஷாட்டின் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் அம்மாவுக்கு ரிஃபா டப்பிங் பேசினாள். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு, "சேகரு! திரும்பி வந்துருடா!" என்றாள். தூரத்து ஷாட் என்பதால் உதடு பொருந்தாதது பெரிதாகத் தெரியாது என்றான் தானியேல். வேலை முடிந்ததும், ரெக்கார்டர் கார்டிலும் கம்ப்யூட்டரிலும் இருந்த அம்மாவின் குரலை, ஆசிக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா அழித்தாள். படகில் இருந்த கேமராவில் பதிவானது எஞ்சின் சத்தமும் காற்றும்தான். அம்மாவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு அன்றைக்கு அவள் பஸ் ஏறினாள்.

திரையிடல் நாளன்று கல்லூரி அரங்கின் வாசலில் நின்றிருந்தவளுக்கு ஆச்சரியம். அம்மா மடிப்புக் கலையாத புடவையில் வந்துகொண்டிருந்தாள். பின்னால், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், நைனா. பிராங்க்ளின் போனபின் எந்தக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வராத மனிதர்.

"எப்டிம்மா இஸ்துக்கினு வந்த?"

"பொண்ணு எடுத்த படம்னு சொன்னேன். வந்துட்டாரு." அம்மாவின் முகத்தில், நெடுநாளாகப் பார்க்காத ஒரு பரபரப்பு இருந்தது.

இருட்டில் படம் ஓடியது. அம்மாவும் நைனாவும் நடு வரிசையில். ஜெசிந்தா ஓரமாக நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சூசையம்மாள் தண்ணீரில் இறங்கினாள். இருக்கையில் இருந்த சூசையம்மாள் முன்னால் சாய்ந்தாள். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா பார்த்த வரையில் அம்மா அப்படிப் பிடித்ததே இல்லை. திரையில் அவள் வாய் திறந்தது.

"சேகரு! திரும்பி வந்துருடா!"

அம்மா மெல்லப் பின்னால் சாய்ந்தாள். பிடித்திருந்த கையை விட்டாள். படம் முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். துறை மேடம் குழுவை மேடைக்குக் கூப்பிட்டார். ரிஃபாவும் தானியேலும் இவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மேடையிலிருந்து பார்த்தபோது அம்மாவும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நைனாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. தாயும் மகளும் கடைசி சீட்டில். பஸ் பொன்னேரியைத் தாண்டி உப்புக்காற்று அடித்தபோது அம்மா கேட்டாள்.

"அது எங் கொரலு இல்லியே ஜெசி."

"ரிஃபா பேசுனாம்மா. நீ அன்னிக்கி வாய் தவறி அண்ணன் பேரச் சொல்லிட்ட இல்ல? அதான் மாத்திட்டோம்."

"வாய் தவறியா?" அம்மா திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ புரியாத பாஷையைக் கேட்டவள் போல் பார்த்தாள். "எம் புள்ள பேரு எனுக்குத் தவறி வருமாடி? சத்தமா கூப்புடணும்னு நீதானே சொன்ன. வூட்ல வாயத் தொறக்க முடியல. கல்லறைல போய் நின்னாலும் நாலு பேரு தேத்த வந்துட்றாங்க. சினிமான்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னுதான் ஒத்துக்கினேன்." முன்சீட்டில் தெரிந்த நரைத்த தலையைப் பார்த்தபடி சொன்னாள். "அவுரு காதுல ஒரு தபா வுழட்டும்னுதான் இஸ்துக்கினு வந்தேன். நைனா ஒண்ணும் சொல்லாதுன்னு சொன்னேன் பாரு, அது அவுருக்குத்தான்."

அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் அவள் நண்பர்களிடம் சொன்னாள். "நான் சொன்னேன் பாத்தியா" என்று ஆசிக் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வெச்சுருவோம்னு நான் சொன்னப்பகூட அவங்களக் கேக்கணும்னு நெனக்கல ஜெசி. எனக்குப் படம்தான் தெரிஞ்சுது" என்றான். தானியேல் கம்ப்யூட்டரில் அழிந்ததை மீட்கும் மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்த்தான். உடைந்த துண்டுகள் சில கிடைத்தன. எல்லாம் காற்று.

"இன்னொரு தபா எடுக்கலாம்மா. அதே எடத்துல, நீ நெனச்ச மாதிரியே" என்று ஜெசிந்தா கேட்டபோது அம்மா மறுத்துவிட்டாள். "அன்னிக்கி வந்துச்சி. இப்போ கூப்ட்டா நடிச்சா மாதிரி இருக்கும்."

படிப்பு முடிந்து ஜெசிந்தா இப்போது பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் பெரியப்பா அழுது முகத்தைத் துடைத்துக்கொண்டால், மாப்பிள்ளையின் தம்பி யாரையோ முறைத்தால், அவர்களுக்கே போன் செய்து கேட்பாள். "இது இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" சிலர் எரிச்சல்படுவார்கள். முதலாளிக்கும் இது பிடிக்கவில்லை. எடுத்ததை அழிப்பதுமில்லை, அவள் மேசை இழுப்பறையில் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருக்கும்.

போன மழைக்காலத்தில், ஏரி கலங்கி யாரும் வலைக்குப் போகாத ஒரு மதியம், நைனா வாசலில் கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கருவாட்டுக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஸ்டூடியோவுக்கு விடுமுறை என்று வீட்டிலிருந்த ஜெசிந்தா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் படத்துல" என்றார் நைனா. அத்தனை நாளில் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. "ஒங்கம்மா வாயி ஒண்ணு சொல்லிச்சி. கேட்டது வேற."

அவள் அப்படியே உட்கார்ந்தாள். "ஆமா நைனா. மாத்திட்டோம்."

"தெரிஞ்சிது. இத்தினி வருசமா பாக்கற வாயி. அப்புறம் ஏதோ நீளமா சொன்னாளே, அது இன்னா?"

ஜெசிந்தா சொன்னாள். பெயரை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னாள். பெயர் அவள் நாக்கு நுனி வரை வந்து நின்றது. "நைனா ஒண்ணும் சொல்லாதுடா, வூட்டுக்கு வந்துரு."

நைனாவின் ஊசி நின்றது. டீ ஆறியது. அவர் எழுந்து போகவில்லை, அதுவே புதிதாக இருந்தது. மூக்கைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நீ இத விசாரிச்சன்னு நான் அம்மாகிட்ட சொல்லட்டா?" என்றாள் ஜெசிந்தா.

"வேணாம்."

"அம்மா சந்தோசப்படும் நைனா."

"வேணாம்னு சொல்றேன் இல்ல."

சாயங்காலம் அம்மா காலிக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா மார்க்கெட் கதை ஏதோ சொன்னாள், நைனா குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஜெசிந்தா மதியப் பேச்சை எடுக்காமல், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி சாப்பிட்டாள்.