கரும்புக்குள் இருந்த சாட்சி

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. கண்ணையனுக்கு நடந்தது நடந்தபடி. அடுத்தவர் சொல்லும் பொய்யைப் பிடிப்பதே அவர் பிழைப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து விசாரிக்கிறவர்.

1982, மாசி மாதம். மூன்று மாதத்துக்கு முன்னால் திருமானூர்ச் சாலையில் ஒரு லாரி, காரை நொறுக்கிவிட்டு நிற்காமல் ஓடியிருந்தது. கார்க்காரருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டது. அதை லாரிக்காரனிடம் வாங்கியாக வேண்டும். ஆனால் எந்த லாரி என்று போலீசுக்கே துப்பில்லை.

கண்ணையன் தனியாகப் போனார். உச்சி வெயில். இருபுறமும் ஆளை மறைக்கும் கரும்பு. ஓடிய லாரி, சாலை வளைவில் ஒரு புளியமரத்தையும் உரசியிருந்தது. குனிந்து அந்த வடுவை அளந்துகொண்டிருந்தார்.

சர... சர...

கரும்புத் தோகை அசைந்தது. காற்றே இல்லை.

"லாரியத்தான தேடுறீங்க?"

திரும்பினார். கரும்புக்குள் ஒரு பெண்ணின் முகம். தரையை ஒட்டி இருந்தது. உட்கார்ந்து புல்லறுக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. பாத்தீங்களா?"

"அரும்பாவூரு வண்டி. மரம் ஏத்துறது. பச்சைக் கலரு."

"உங்க பேரு?"

"பாப்பாத்தி. கீழத்தெரு செல்லப்பன் பொஞ்சாதி."

"கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

ஒரு கட்டெறும்பு அவள் கன்னத்தில் ஏறியது. திறந்திருந்த கண்ணின் மேலேயே நடந்தது...

அவள் இமைக்கவில்லை.

"எங்க வூட்டுல சொல்லுங்க சார்... நான் ஓடிப் போவல."

உதடு அசையவில்லை.

குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஓடினார்...

கீழத்தெரு வந்துதான் நின்றார். பாப்பாத்தி என்றதுமே செல்லப்பன் முகம் இறுகிவிட்டது.

"அவ பேச்சே வேணாம் சார். மூணு மாசத்துக்கு முந்தி எவனோடயோ ஓடிட்டா. ஊரே சிரிச்சுச்சு."

"ஓடலைங்க. புளியமரத்து வளைவுல, கரும்புக்குள்ள இருக்காங்க. அவங்கதான் சொன்னாங்க..."

செல்லப்பன் அவரையே வெறித்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். தெருவே பின்னால் ஓடியது.

கரும்பை வெட்டி உள்ளே போனார்கள். காய்ந்த வாய்க்காலில் எலும்புகள். சுற்றியிருந்த சேலையைப் பார்த்ததும் செல்லப்பன் மண்ணில் விழுந்தார். "உன்னையப் போயி தப்பா நெனச்சேனே..." என்று தலையில் அடித்துக்கொண்டார். சிரித்த ஊரும் சேர்ந்து அழுதது.

லாரி அரும்பாவூரில் அகப்பட்டது. பச்சை வண்டிதான். டிரைவர் பெரியசாமி ஸ்டேஷனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். காரை இடித்துவிட்டு ஓடும்போது, வளைவில் புல்லுக்கட்டோடு வந்த பாப்பாத்தியையும் அடித்திருக்கிறான். வெளியே தெரியக்கூடாதென்று கரும்புக்குள் தூக்கிப் போட்டிருக்கிறான்.

கண்ணையன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடிபட்டதுமே செத்துட்டாங்களா?"

பெரியசாமி தலை நிமிரவில்லை.

"இல்ல சார்... மனசு கேக்காம மறுநாளு போயிப் பாத்தேன். அப்பவும் உசுரு இருந்துச்சு."