விரித்து வைத்த கதிரைகள்

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், பேஸ்மன்றில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரை விரித்தபடி நிற்கிறது. சாம்பல் நிறம். இருக்கையின் ஒரு மூலை கிழிந்து பஞ்சு தெரிகிறது. விரிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், மடிக்கும்போதும் அதே சத்தம்தான். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் மேலே குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு நிற்க, கீழேயிருந்து அந்தச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். கதிரைகளை வான் வண்டியில் ஏற்ற முன்னர் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, துடைத்து, திரும்ப மடிப்பார், அங்கே வாடகைக்கு இருந்த போதகர் தம்பி. யாராவது இருக்கும்போது கதிரை உடைந்து விழுத்திவிடக்கூடாது என்பது அவருடைய பயம். என்னுடைய பயம் வேறு. அதில் இருக்க யார் வரப்போகிறார்கள் என்பது.

நான் பயந்த பிறவி. இடம்பெயர்ந்து ஓடியபோது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டுப்போனது. பயம் மட்டும் விடாமல் கூடவே வந்து கனடாவில், ஸ்காபரோவில் இறங்கியது. அடுப்பை அணைத்தேனா என்ற யோசனையில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் என் வீட்டுக்காரர், இவர், வந்து, பேஸ்மன்றுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துவிட்டேன், ஒரு மிஷனரிப் பெடியன் என்றால் எப்படி இருக்கும்? திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. மீசைகூடச் சரியாக அடரவில்லை. ரொறன்ரோத் தமிழருக்கு ஊழியம் செய்ய என்று அவருடைய சபை அனுப்பியிருந்தது. "வேதக்காரரை வீட்டுக்குள்ள வைச்சிருந்தால் கோயிலில சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டேன். இவர் சிரித்தார். "சனம் என்ன பேஸ்மன்றுக்குள்ள எட்டிப் பாக்கவே போகுது? பெடியன் குடிக்கமாட்டான், புகைக்கமாட்டான். நீர் சும்மா இரும்." அந்தக் கதிரைகளையும் இவர்தான் மூடிப்போன ஒரு பாங்குவற் ஹோல் மண்டபத்தில் இருந்து கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

முதல் பனிக்காலத்தில் தம்பி மெல்லிய சப்பாத்தோடு மோர்னிங்சைட் அடுக்குமாடிகளில் கதவு கதவாகத் தட்டித் திரிந்தார். கால் விரல் விறைத்துப் போகும் என்று நான் கத்தி, இவருடைய பழைய பூட்சைக் கொடுத்தேன். பிலிப்பீன்காரர், சோமாலியர், கயானாக்காரர், எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் "நோ தாங்க் யூ" என்று கதவைச் சாத்தினார்கள். எங்கள் ஆட்கள் சாத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "ஓம் ஓம், கட்டாயம் வாறம் தம்பி, முதல்ல தேத்தண்ணியைக் குடியும்" என்றார்கள். அவர் கொடுத்த இயேசு படத்தை வாங்கிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, அவர் கண்முன்னாலேயே ஒரு பூவும் வைத்தார்கள். தம்பி முகம் மலர்ந்து வீடு வந்தார். "ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல ஆன்ட்டி. இருதயம் திறந்த ஜனங்க." வீடு தேடி வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் ஓம் என்போம். "தம்பி, எங்கட ஆக்களின்ர ஓம் வாசலோட முடிஞ்சிடும்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "விசுவாசிக்கணும் ஆன்ட்டி" என்று பூட்சைக் கழற்றினார்.

ஆராதனைக்கு மரக்கறிக்கடை ஒன்றுக்கு மேலே, பிளாசாவில், ஒரு அறை எடுத்திருந்தார். ஒரு ஞாயிறு, தனியாக நிற்கப்போகிறாரே என்ற தவிப்பில் நானும் திருநீற்றை அழித்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். வேறு யாரும் வரவில்லை. பக்கத்து அறையில் பிலிப்பீன் சபை. அங்கே டிரம்ஸ், கைதட்டு, பிள்ளைகள் ஓடுகிற சத்தம். இங்கே தம்பி கோட்டுப் போட்டு டை கட்டிக்கொண்டு முழுப் பிரசங்கமும் செய்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு வெறுங்கதிரையாகப் பார்த்துப் பார்த்துப் பேசினார். "சகோதர சகோதரிகளே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்தேன். அன்றிலிருந்து போகவில்லை. நான் இருந்ததுதான் அந்த அறையை இன்னும் வெறுமையாக்கியது போல இருந்தது.

பின்னேரங்களில் கீழே அவர் தனியாகப் பேசுவது கேட்கும். நிறுத்தி நிறுத்தி, கெஞ்சுகிற மாதிரி. ஜெபம் என்று நினைத்திருந்தேன். திருப்பி யாரும் பதில் சொல்லாததால் அப்படி நினைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் ஊரிலிருந்து அவருடைய சபையின் பெரிய போதகர் வந்து பார்க்கப்போகிறார் என்று தெரிய வந்தது. தம்பி முகத்தில் களையே இல்லை. சாப்பாடு கொடுத்தால் தட்டு அப்படியே மேலே வந்தது. இவர் அதைத் தன் அக்காவிடம் சொல்லிவிட்டார். அந்த மச்சாள் மார்க்கம் நகரில் பெரிய வீடும், அதைவிடப் பெரிய தொடர்புகளும் உள்ள மனுசி. "வந்து பாத்திட்டு, ஒருத்தரும் இல்லையெண்டால் பெடியனைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?" என்று கேட்டா. "அப்பிடித்தான் போல" என்றார் இவர். "எங்கட வீட்டில இருக்கிற பிள்ளை அவமானப்பட்டுப் போறதோ? எனக்கு வரவேண்டிய சனம் எக்கச்சக்கம் கிடக்கு. நான் போகாத சாமத்தியச் சடங்கு இருக்கே? நான் முகம் காட்டாத பிறந்தநாள் இருக்கே? ஒரு ஞாயிறு எனக்காக வந்து இருக்கட்டும்." "மச்சாள், இது கொண்டாட்டம் இல்லை, கும்பிடுற இடம்" என்றேன். "நீர் எல்லாத்துக்கும் பயம். கும்பிடுறதுக்கு எங்கட சனத்துக்குச் சொல்லிக் குடுக்கோணுமே?"

அந்த ஞாயிறு மச்சாளோடு நானும் போனேன்; கதிரை போதவில்லை. பட்டுச் சேலையும் திருநீறும் சந்தனமுமாக வந்து நிறைந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த அங்கிள் ஒருவர் ஒவ்வொரு 'அல்லேலூயா'வுக்கும் தலைக்கு மேல் கைகூப்பினார். பெரிய போதகர் உருகிப்போனார். முடிவில், ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். மச்சாள் முதலாவதாகக் கையை உயர்த்தி, பின்னுக்குத் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவு கையும் உயர்ந்தது. தூரத்திலிருந்து வந்த மனுசன் கேட்கும்போது எப்படி உயர்த்தாமல் விடுவது? பிறகு ரோல்ஸும் வடையும் கொண்டுவந்த தட்டங்கள் திறபட்டன. "நல்ல வடிவான பெடியன், கலியாணம் ஏதும் பேசியாச்சோ?" என்று ஒரு அன்ரி என் காதுக்குள் கேட்டா. அந்தச் சந்தடிக்குள் தம்பியைத் தேடினேன். சுவரோடு சாய்ந்து நின்றார். சந்தோசத்தில் வாயடைத்து நிற்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அன்று பின்னேரம் குசினிக்கு வந்து, கேட்காமலே மேசையோரம் கதிரையை இழுத்து இருந்தார். "அப்பாவுக்கு பக்கவாதம் வந்து பேச்சு போயிட்டு ஆன்ட்டி. டெய்லி வீடியோல நான்தான் பேசுவேன், அவங்க பாத்துட்டே இருப்பாங்க. ஊருக்கு வந்துடுறேன்னு பெரிய ஐயாகிட்ட கேட்டிருந்தேன். நேர்ல வந்து பாக்கேன், மந்தை ஒண்ணும் சேரலைன்னா என்கூடவே வந்துருன்னாங்க." தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "இன்னைக்கு யாரும் வரக்கூடாதுன்னு ராத்திரி பூரா ஜெபம் பண்ணேன். ஒரு மிஷனரி பண்ற ஜெபமா ஆன்ட்டி அது? கர்த்தர் முடியாதுன்னுட்டாரு."

எனக்கு வாய் நிற்கவில்லை. "தம்பி, அது கர்த்தர் இல்லை. மச்சாள் போன் அடிச்சு எடுத்த சனம். அவவுக்காக வந்ததுகள். அடுத்த கிழமை ஒருத்தரும் வராயினம்." அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறவர் போல வாய் திறந்தது, சிரிப்பு வரவில்லை. அங்கேயே நின்று பெரிய போதகருக்குப் போன் எடுத்து நான் சொன்னதை அப்படியே சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது. "யாரை வச்சு வேணும்னாலும் கர்த்தர் கூட்டிட்டு வருவாரு தம்பி. அத்தனை கை உயர்ந்ததை என் கண்ணால பாத்திருக்கேன். வலை நிறைஞ்ச நேரத்துல கரையேறப் பாக்காத. நில்லு." அவ்வளவுதான். தம்பி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போனார்.

அடுத்த ஞாயிறும் அந்த 'டக்' 'டக்' சத்தம் கேட்டது. அதற்கடுத்த ஞாயிறும். யாரும் வரவில்லை. வழியில் தம்பியைக் கண்டால் மட்டும், "அண்டைக்கு நல்லாய்ப் பேசினீர் தம்பி" என்று எங்கள் ஆட்கள் அன்பாகச் சொன்னார்கள். பின்னேரங்களில் கீழே கேட்கிற பேச்சில் எது ஜெபம், எது தகப்பனோடு என்று பிரிக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. இரண்டிலும் ஒரே குரல், இரண்டுக்கும் ஒரே மௌனம்.

மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய நேரம், தம்பி போனைக் கையில் பிடித்தபடி மேலே வந்தார். "அப்பா போயிட்டாங்க ஆன்ட்டி. கீழ வைஃபை வரமாட்டேங்கு. நாளைக்கு அடக்கம், போன்ல காட்டுவாங்க." வைஃபை வரவில்லை என்பதைத்தான் திரும்பவும் சொன்னார். உடனே போனாலும் போய்ச் சேரமுடியாது. இவர் மேலிருந்து வயர் இழுத்துப் பூட்டி, பேஸ்மன்ற் தொலைக்காட்சியிலேயே தெரியும்படி செய்துகொடுத்தார்.

அங்கே பின்னேரம், இங்கே விடிகிற நேரம். நான் மச்சாளுக்கு மட்டும்தான் சொன்னேன்; மச்சாள் ஒருவருக்கும் போன் அடிக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறா. ஆனால் செத்தவீட்டுச் செய்திக்குக் காலும் கையும் தானே முளைத்துவிடும். வேலைக்குப் போகிற உடுப்போடு, கையில் சாப்பாட்டுப் பையோடு, ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி வந்தார்கள். கைகூப்பிய அங்கிள், கலியாணம் கேட்ட அன்ரி, கதவு திறந்து தேத்தண்ணி கொடுத்தவர்கள். யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து படியில் வைத்தார்கள். சுவரோடு அடுக்கியிருந்த கதிரைகளை அவர்களே எடுத்து விரித்தார்கள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தம்பியை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். திரையில் பெட்டியைத் தூக்கியபோது, சொல்லாமலே எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் தம்பி திரும்பி அறையைப் பார்த்தார். ஒரு கதிரை மிச்சமில்லை.

"எல்லாரும் வந்திருக்காங்க ஆன்ட்டி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறும் கதிரை ஏற்றவில்லை. ஊருக்கும் போகவில்லை, போய் யாரைப் பார்க்க என்றார். எங்கள் வீட்டை விட்டுப் போய், மேற்கே எங்கோ ஒரு குளிர்க்கிடங்கில் வேலை என்று கேள்வி. முதல் வருசப் பிறப்புக்கு ஒரு செய்தி வந்தது. பிறகு அந்த நம்பர் இல்லை. அன்று தம்பி இருந்த அந்த ஒன்றைத் தவிர மற்றக் கதிரைகளை மச்சாள் கொண்டுபோய்விட்டா. அவை இப்போது சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஊர் சுற்றுகின்றன. காணும்போதெல்லாம் மச்சாள் கேட்பா, "நான் நல்லதுக்குத்தானே செய்தனான், என்ன?" ஓம் என்பேன். வேறென்ன சொல்ல? நானும் அந்தச் சனம்தானே. தம்பி சாப்பிடுகிறாரா, கால் விறைக்கிறதா, இன்னும் ஜெபம் செய்கிறாரா என்று மாறி மாறி யோசிக்கிறேன். கடைசிக் கேள்விதான் கூடுதலாக வருத்துகிறது. நான் வேதக்காரியும் இல்லை.

போன ஞாயிறு குசினியில் நிற்கும்போது கீழே 'டக்' என்று கேட்டது. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பாதிப் படி இறங்கிவிட்டேன். இப்போது வாடகைக்கு இருக்கிற கேரளத்திலிருந்து வந்து படிக்கிற பிள்ளை, கூட்டுவதற்காக அந்தக் கதிரையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. என் முகத்தைப் பார்த்துப் பயந்து, யாராவது வருகிறார்களா, அதற்காகவா இதை விரித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது.

நான் அதை வாங்கி, துடைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் திரும்ப விரித்து வைத்தேன். "ஓம்" என்றேன்.