ராமுத்தாய் எடுத்துக் கொடுத்த பாட்டில்

மாட்டின் பித்தத்திலிருந்து எடுக்கிற உப்பைத்தான் இத்தனை நாள் கையால் அள்ளிக்கொண்டிருந்தோம் என்று மகிமா சொன்ன அன்று என்னால் மதியச் சோற்றைத் தொட முடியவில்லை. ராமுத்தாய் அக்கா நன்றாகச் சாப்பிட்டாள்.

"சாணியக் கரைச்சு வாசல் தெளிக்கிற கைதான? அப்ப வராத கொமட்டல் இப்ப எங்கிட்டுருந்து வருது?" என்று சொல்லி என் டப்பாவிலிருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பட்டறை பழனிசெட்டிபட்டிக்கு வெளியே ஒரு பழைய பஞ்சுக் குடோனில் இருக்கிறது. கார்பன் நானோ டியூப் பிரிக்கிறோம். பார்த்தால் அடுப்புக் கரி மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத குழல்கள் கோடிக்கணக்கில் சேர்ந்த தூள் அது. டப்பாவைத் திறந்தால் காற்றில் மிதக்கும். முகமூடி போட்டிருந்தாலும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். நகக்கண்ணில் ஏறிவிட்டால் புளி போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது. நான் ஊட்டினால் என் மகள் ஓவியா வாயைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தத் தூளைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, காதைக் கிழிக்கிற மிஷினில் வைத்து எடுத்து, வேகமாகச் சுழலவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கண்ணாடிக் குழாயில் இருக்கும் ஜெல் மேல் ஊற்றுவோம். கம்பி போல மின்சாரம் கடத்துகிற உலோக ரகம் செம்பழுப்பாக முதலில் இறங்கிவிடும். எங்களுக்கு வேண்டிய ரகம் ஜெல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பித்த உப்புத் தண்ணீர் ஊற்றினால் அது விட்டு, பச்சையாக இறங்கும். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிறவர்களும் சோலார் செல் செய்கிறவர்களும் கேட்பது அந்தப் பச்சையைத்தான்.

பழுப்பு முடிந்து பச்சை தொடங்குகிற இடத்தில் பாட்டிலை மாற்ற வேண்டும். அந்த இடத்தைப் பிடிக்கிற கண் ராமுத்தாய் அக்காவுக்குத்தான் இருந்தது. மகிமா பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி படித்தவள். அவளே, "மிஷின்ல பாக்குறதுக்கு முன்னாடி அக்காவக் கேட்டுக்கிறேன்" என்பாள். நான் எட்டாவதோடு நின்றவள். பாட்டில் கழுவுவது என் வேலை. கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா போடியில் பதினெட்டு வருஷம் ஏலக்காய் தரம் பிரித்தவள். அங்கே அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெடித்ததையும் மஞ்சள் பாய்ந்ததையும் மூட்டையின் அடியில் போட்டு, மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கொழுத்த பச்சைக்காயாகப் பரப்ப வேண்டும். அடுக்கினது தெரியாமல் பரப்ப அவள் கைதான் என்று வியாபாரிகள் கூப்பிட்டு அனுப்புவார்களாம். ஒருநாள் கட்டப்பனையிலிருந்து சரக்கு வாங்க வந்த ஒருவர் அந்த மூட்டையை அவள் முன்னாலேயே கவிழ்த்திருக்கிறார்.

"ஓனர அவுக ஒரு வார்த்த சொல்லல அனுசு. என் கையத்தான் பாத்தாக. பாத்துட்டுக் காறித் துப்புனாக. என் கால்ல விழுந்துச்சு" என்று ஒருமுறை சொன்னாள். அதோடு போடியை விட்டுவிட்டாள்.

இங்கே ஒவ்வொரு பாட்டிலிலும் 'பிரித்தவர்' என்று அச்சடித்த லேபிள் ஒட்டுவோம். அதில் அவளே பெயர் எழுதுவாள். 'ரா' நட்டமாக நிற்கும், 'மு' கீழே வழுக்கும், 'தாய்' லேபிளை விட்டே வெளியேறப் பார்க்கும். எழுதிவிட்டு ஊதிக் காயவைப்பாள்.

போன ஆவணியில் பெங்களூர் கம்பெனி ஒன்று இருபது பாட்டில் கேட்டது. ஜெல் ஒன்று பாழாகி, பதின்மூன்றுதான் தேறியது. மகிமா தன் கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். மறுநாள் கம்பெனிக்காரர் வருகிறார். மேனேஜர் சுரேஷ்கண்ணன் பிரியாணிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. வேலை செய்கிற மேஜையிலேயே வைத்துத் தின்று, எலும்பை எங்கள் நோட்டு மேல் துப்புகிறவர்.

"மூணு பாட்டில சாம்பிளுக்கு முன் வரிசையில வச்சிரு, அக்கா. மிச்சப் பத்துல பிரிக்காத சரக்க ஊத்திப் பதினேழாக்கிருவோம்."

"மகிமா என்ன சொல்லுச்சுன்னு தெரியும்ல? ஒத்தக் கொழல் உலோகம் குறுக்க கெடந்தாலும் ஷார்ட் ஆகிருமாம். செல்லே செத்துருமாம்" என்றாள் அக்கா.

"அது புஸ்தகத்துல. பத்துக்கு ஒண்ணு சிறுசு கலந்தா மூட்டையா கெட்டுப்போகுது? ரேட்டு கொஞ்சம் எறங்கும், அம்புட்டுத்தான். எங்க அய்யா காலத்துலருந்து பாக்கேன். எனக்கே சொல்லிக் குடுக்கியா நீ?"

"இது காயில்ல தம்பி."

"எல்லாம் காய்தான்."

அக்கா ஊற்ற மாட்டேன் என்றாள். மூன்று பாட்டிலுக்குப் பெயர் எழுதி ஒட்டி, முன் வரிசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் எண்ணெய்க் கையோடு தானே ஊற்றினார். வழிந்த கறுப்பை என் துண்டால் துடைத்தார். பச்சை கொஞ்சம் மங்கியது. எனக்கே தெரிந்தது.

"பேரு எழுதுக்கா."

"நான் பிரிச்சதுக்குத்தான் எழுதுவேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ எழுது. அக்கா பேரத்தான். ஒனக்கு எழுத்து நல்லா வரும்ல?"

நான் எழுதினேன். பதினேழு லேபிளிலும் வரி நேராக, எழுத்து ஒரே அளவில், ராமுத்தாய், ராமுத்தாய் என்று எழுதினேன். பித்த உப்பு கையிலிருந்ததோ என்னவோ, உதட்டைத் துடைத்தபோது தொண்டை வரை கசந்தது. போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். "எழுத்து முத்து முத்தா இருக்கு அனுசு" என்றாள். அதைப் பின் வரிசையில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் வந்த கம்பெனிக்காரர் பெயர் அஜய்குமார். மதுரைப் பக்கத்துக்காரர்தான். சின்ன மிஷின் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சுரேஷ்கண்ணன் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, "அக்கா, சாருக்கு ஒரு சாம்பிள் எடுத்துத் தா" என்றார்.

நான் தொட்டியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அலமாரிக்குப் போனாள். முன் வரிசையில் அவள் கோணல் எழுத்து மூன்று பாட்டிலில் இருந்தது. அவள் கை அதைத் தாண்டிப் பின்னால் போனது. நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, அஜய்குமார் கையில் கொடுத்தாள்.

சுரேஷ்கண்ணன் பல்லைக் கடித்ததில் தாடை புடைத்தது.

மிஷினில் ஒரு கோடு ஏறி இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் மேடாக நின்றது. அஜய்குமார் இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தார்.

"மெட்டல் இருக்கே. யார் பிரிச்சது இத?"

"இந்தம்மாதான் சார்" என்றார் சுரேஷ்கண்ணன், உடனே. "பேரே போட்டுருக்கு பாருங்க. படிக்காதவுக. சொன்னா மண்டையில ஏறாது."

அஜய்குமார் அவள் கையைப் பார்த்தார். நகமெல்லாம் கறுத்த கை.

அக்கா கையை மறைக்கவில்லை. அலமாரியிலிருந்து முன் வரிசைப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "இது நான் பிரிச்சது. இது என் எழுத்து. அதுல இருக்கது என் பேரு, என் எழுத்தில்ல. அம்புட்டு அழகா எழுத எனக்கு வராது சார்."

அவர் இரண்டு லேபிளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "அப்ப இத யார் எழுதுனது?"

என்னைக் காட்டிக்கொடுக்க அவள் திரும்பக்கூட இல்லை. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதை மூடினேன்.

"நான்தான் சார்" என்றேன். "எழுதச் சொன்னாக."

முன் வரிசை மூன்றும் சுத்தமாக இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதம் எத்தனை வந்தாலும் சரி, இந்தச் சுத்தத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு அஜய்குமார் போனார். கார் ரோடு ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்த சுரேஷ்கண்ணன், உள்ளே வந்து அக்காவைச் சொன்ன வார்த்தைகளை எழுத எனக்குக் கூசுகிறது. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பதினேழு பாட்டிலையும் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்க்கச் சொன்னார். அது வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் வயலுக்குப் போகிறது. அதையும் என் கைதான் செய்தது.

இப்போது பச்சை தொடங்குகிற இடத்தில் நான்தான் உட்காருகிறேன். பாதி நேரம் தவறவிடுகிறேன்.

போன வாரம் வடுகபட்டி பூண்டு மண்டிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். தரம் பிரிக்கிற பெண்கள் முன்னால் இருந்தார்கள். அவள் கடைசியில், காற்றில் பறக்கும் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரிக்கிறதுக்கு உக்காரலயாக்கா?"

"மூட்டைக்கு மேல பெரிய பூண்டா அடுக்கச் சொன்னாக" என்றாள், விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லிட்டேன்."

அப்புறம் என் கையைப் பிடித்துத் திருப்பி நகத்தைப் பார்த்தாள்.

"யார் பேரு எழுதுற இப்ப?"

"என் பேருதாங்க்கா."

"எழுது" என்றாள். "கோணலா இருந்தாலும் பரவால்ல."