சக்கர வீட்டில் ஒரு கட்டில்

வெள்ளைக்காரர்கள் யாரோ தங்கள் ஊரிலிருந்து காருக்குப் பின்னால் கட்டி தில்லி வரைக்கும் இழுத்து வந்து, போதும் என்று விட்டுவிட்டுப் போன வண்டி அது. உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் ஒரு காலத்தில் இருந்ததாம். பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரரின் கொட்டகையில் சித்தப்பா அதைக் கண்டுபிடித்தபோது கோழிகள்தான் குடியிருந்தன. ஜனக்புரியில் சிநேகிதர் ஒருவரின் காலி மனைக்குக் கொண்டுவந்து, செங்கல் அடுக்கி நிறுத்தி, இனி இதுதான் என் வீடு என்று சொல்லிவிட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு வரை அவர் கோல் மார்க்கெட்டில் எங்களோடு குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். அப்பாவோடு ஏதோ பேச்சு முற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்ன பேச்சு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பெண்ணிடம் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டவை சாப்பிடு, படி, தூங்கு என்ற மூன்றும்தான். அப்பா அவர் பேரையே எடுப்பதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அம்மா தூக்குச்சட்டியில் குழம்பு ஊற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு ஜனக்புரிக்கு பஸ் ஏறுவாள். சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா குளிக்கப் போய்விடுவார்.

சித்தப்பாவுக்கு அலுவலகத்தில் பென்சில் பிடித்துப் படம் வரைகிற வேலை. சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை. வண்டிக்குள் முதல் அடி வைத்ததும் உளுத்த பலகையோடு முழங்கால்வரை உள்ளே போனார். பழைய மரப்பெட்டிகளை உடைத்துப் புதுத் தரை போட்டார். தகரத்தைத் துருப்போகத் தேய்த்து பெயின்ட் அடித்தார். கூரை ஒழுகிய இடத்தில் தார் ஊற்றிச் சாக்கு ஒட்டினார். அடுத்த மழைக்கு அதன் பக்கத்தில் ஒழுகியது. ஜன்னல் சட்டங்களை உப்புத்தாளால் தேய்த்தது நான். பாதி வீடு நான் கட்டியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கடைசியாக ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டில் அடித்தார். அதற்கு முன் என்னைத் தரையில் படுக்கவைத்து, காலை நீட்டச் சொல்லி, தலைக்கும் காலுக்கும் சாக்கட்டியால் கோடு கிழித்தார்.

“தம்பி, நாலு விரக்கடை கூடவே வைங்க. வளர்ற பிள்ளை” என்றாள் அம்மா.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பா மேல் எனக்கு அவ்வளவு பிரியம். லீவு முழுக்க அங்கேதான் இருப்பேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. சக்கரம் வைத்த வீட்டுக்கு அதெல்லாம் எதற்கு மதினி என்று சித்தப்பா கேட்டுப் பார்த்தார். அம்மா காதில் வாங்காமல் தகரக் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் நேரே கட்டிலில் ஏறிப் படுத்தேன். அப்போதுதான் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு பெண். அந்த அம்மாள் சித்தப்பாவின் அலுவலகத்தில் டைப் அடிப்பவர், கணவனை இழந்தவர். சித்தப்பா முந்தின நாள்தான் அவரைப் பதிவுத் திருமணம் செய்திருந்தார். அப்பாவோடு முற்றிய பேச்சும் அதுதான். ஊருக்கு என்ன பதில் எழுதுவது என்பது அப்பாவின் கவலை. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெண் என் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான்.

நானும் ஏறட்டுமா என்று அவள் இந்தியில் கேட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இறங்குட்டீ” என்றாள் அம்மா. “இது அவளுக்குச் செஞ்சது. அவ வரமுடியலன்னுதான் உன்னைய வச்சு அளந்தோம்.”

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவராவது என் பக்கம் நிற்பார் என்று போய் நின்றேன். அம்மா அடுக்களைக்குள் போனபிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்குக் கட்டில் நீளம் காணுமா?”

“எனக்கே நாலு விரக்கடை மிச்சம்” என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அந்த வீட்டில் எனக்கென்று பேச ஒருவரும் இல்லை என்று எண்ணி, அன்று நான் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.