பரிமளமும் ஈரம் உறிஞ்சாத மெசினும்

செப்ரெம்பர் தொடக்கம் ஜூன் வரைக்கும் மல்வேர்னில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள் பரிமளம். கோடை லீவு வந்தால் கலியாணங்களுக்கு மணவறை கட்டுவாள். மட்டக்களப்பில் இருந்து இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் ஒரு சினேகிதிக்காகச் சும்மா கட்டிக்கொடுத்தது, பிறகு ஆட்கள் தேடி வருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. வெல்வெற் திரைகள், துணிப்பூ மாலைகள், பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் தூண்கள் எல்லாம் அவளுடைய வீட்டு பேஸ்மன்ற்றில்தான் இருந்தன.

நிலத்துக்குக் கீழே இருக்கிற அறை, அதிலும் கோடை. ஈரம் சும்மா விடாது. அதற்காக மூலையில் ஒரு மெசின் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சித் தன் வயிற்றுக்குள் இருக்கிற வாளியில் தண்ணீராகச் சேர்ப்பது அதன் வேலை. காலையில் தேத்தண்ணிக்கு முதல் அந்த வாளியை ஊற்றிவிட்டு வருவது பரிமளத்தின் வழக்கம்.

அந்த ஜூலையில் வாளி வெறுமையாகவே இருந்தது. மெசின் என்னவோ நல்லாத்தான் இரைந்தது. புருசன் சாமித்தம்பிக்குச் சந்தோசம். பேஸ்மன்ற் காய்ந்துவிட்டது, இனி வாளி தூக்கத் தேவையில்லை என்றார். பரிமளத்தின் மூக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சிவப்புத் திரை ஒன்றை விரித்துப் பார்த்தாள். நனைந்த சாக்கு மணம். கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். சனிக்கிழமை நிரோஷினி என்ற பிள்ளையின் கலியாணம், அன்றைக்குப் புதன்.

"உதின்ர காலம் முடிஞ்சுது கா. புதுசு ஒண்டு எடுப்பம்," என்றார் சாமித்தம்பி.

"முதல்ல திறந்து பாப்பம்."

வாளியைக் கழற்றித் திரும்பச் சரியாக மாட்டினாள். மாற்றமில்லை. வயரைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றினாள். காற்று போகிற பில்ற்றரில் தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி அப்பியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த குழாய்களில் பனிக்கட்டி. காற்று நுழைய வழியில்லாமல் மெசின் உள்ளுக்குள்ளேயே உறைந்து போயிருக்கிறது. கீழே துவாய்களைப் பரப்பிப் பனியை உருக விட்டாள். பில்ற்றரைக் கழுவிக் காயவைத்துப் பூட்டினாள். பின்னேரம் வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கியது. இரண்டு பேரும் கதிரை போட்டு இருந்து அதைப் பார்த்தார்கள்.

விடிந்து போய்ப் பார்த்தால் வாளியின் அடியில் மட்டும் கொஞ்சத் தண்ணீர். பில்ற்றர் திரும்பவும் அடைத்து, பனி தலைகாட்டத் தொடங்கியிருந்தது. சாமித்தம்பி போனில் கடை விளம்பரங்களைத் தட்டத் தொடங்கினார்.

பரிமளம் அந்தத் தூசியைக் கிள்ளி எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். ஒரு இரவுக்குள் இவ்வளவு தூசி எங்கேயிருந்து வரும்? திரையில் இருந்து என்றால் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும். இது நீலம். சாமித்தம்பி வெயர்ஹவுஸ் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சேட்டின் நீலம்.

"ராத்திரி உடுப்புத் தோய்ச்சனீங்களா?"

ஓம், தோய்த்து றையரில் போட்டுக் காயவைத்தும் எடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். அந்த றையரும் அதே பேஸ்மன்ற்றில்தான் இருந்தது. அதை ஓட விட்டு, போன் வெளிச்சத்தோடு பின்னால் எட்டிப் பார்த்தாள். முகத்தில் சூடான ஈரக் காற்று அடித்தது. அந்தக் காற்றை வெளியே கொண்டுபோகிற வெள்ளி நிறக் குழாய் சுவரில் இருந்து கழன்று, அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. உடுப்பின் ஈரம் முழுக்க இங்கே, பஞ்சும் இங்கே. பாவம், மெசின் என்னதான் செய்யும்.

சாமித்தம்பி கழுத்தைச் சொறிந்தார். கரம் விளையாடுகிற போட்டுக்கு இடம் பிடிக்க றையரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினவராம். கொஞ்சம்தானாம். பரிமளத்துக்குக் கோபம் வரத்தான் பார்த்தது, ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்கச் சிரிப்பு முந்திக்கொண்டது.

றையரை இழுத்தெடுத்துக் குழாயைத் துப்புரவாக்கி மாட்டி, பிடி போட்டு இறுக்கியது அவர்தான். அவள் திரைகளைத் துடைத்துக் கொல்லை வேலி நெடுகத் தொங்கவிட்டாள். பக்கத்து வீட்டு மரியோ எட்டிப் பார்த்து, இன்றைக்கு இங்கேயா கலியாணம் என்று கேட்டார். விசயத்தைச் சொன்னதும் தன் பக்க வேலியையும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாளி நிறைந்து, மெசின் தானாகவே நின்று சிவப்பு லைற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. பரிமளம் பாடிக்கொண்டே ஊற்றினாள்.

ஒரு திரையில் மட்டும் கறை போகவில்லை. அதை விட்டுவிட்டு, சனிக்கிழமை தன்னுடைய மஞ்சள் பட்டுச்சேலை ஒன்றை மணவறையின் நடுவில் மடிப்பு வைத்துக் கட்டினாள். நிரோஷினிக்கு அது பிடித்துப்போய், கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய தங்கச்சி அதற்குள்ளே பரிமளத்தின் காதில் வந்து, தன்னுடைய கலியாணத்துக்கும் இந்த மஞ்சள்தான் வேணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை யார் என்று பரிமளம் கேட்கவில்லை. அந்தச் சேலையை இனித் தான் உடுக்க முடியாது போல என்று நினைத்தபடி சாப்பாட்டுப் பக்கம் நடந்தாள்.