ஒரு சாண் குறைந்த கோல்கம்பம்

வெல்டர் செய்து கொடுத்த பொருளை இதுவரை ஒருத்தர்கூடத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. தூக்க முடிந்தால்தானே கொண்டுவருவார்கள்! அவர் செய்த கேட்டைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். அவர் செய்த நாற்காலியில் தாராளமாக உட்காரலாம், நகர்த்தத்தான் முடியாது. அவர் வீட்டுச் சமையலறையிலேயே ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. ஒரு சமயம் பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோகலாம் என்று முடிவானபோது, அந்த அலமாரி சுவரை விட்டு வர மறுத்துவிட்டது. அலமாரியை விட்டுவிட்டு வர வெல்டர் மறுத்துவிட்டார். குடும்பம் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பார் எதற்கெடுத்தாலும். நாலு இடத்தில் வெல்டிங் வைத்தால் போதும் என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் வைப்பார். தன் பூட்ஸைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அடியில் இரும்புத் தகடு, முனையில் இரும்புத் தொப்பி எல்லாம் கொடுத்து, போட்டுக்கொண்டு நடந்தால் தெருவில் லாரி வருகிறது என்று பூனைகள் ஒதுங்குகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு கால்பந்து கிளப்பின் மீது உயிரை வைத்திருந்தார் என்பதுதான் அந்த கிளப்பின் தலையெழுத்து.

வாலிபத்தில் அதே கிளப்பில் அவர் மாற்று ஆட்டக்காரர். பல வருஷம் கால்சட்டை போட்டு, லேஸ் கட்டி, மைதானத்து ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை பயிற்சியாளர் திரும்பி, "நீ இறங்குடா" என்றார். இவர் துள்ளி எழுந்து கோட்டருகே வந்து நிற்பதற்கும், ரெஃப்ரி கடைசி விசில் ஊதுவதற்கும் சரியாக இருந்தது. அந்தக் கால் கிளப்புக்காக ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. வயது ஏறியதும், காலால் முடியாததைக் கையால் செய்துவிடுவது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து கிளப்பில் இரும்பு என்று எது இருந்தாலும் அது வெல்டர் கைங்கரியம்.

முதலில் ஒரு பெஞ்சு செய்து மைதானத்து எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இறக்கினார். ஆட்டத்தைப் பார்த்தபடி கோட்டோரமாக ஓடிவந்த லைன்ஸ்மேன் அதில் மோதிக் குப்புற விழுந்தார். லீக்கிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது, பெஞ்சை நகர்த்துங்கள் என்று. பெஞ்சு நகராததால் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்கள்.

அடுத்தது உடை மாற்றும் அறைக்கு ஒரு கதவு. ஆட்டம் முடிந்து உள்ளே போன ரெஃப்ரி கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் தானாக விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே இருந்து அவர் தட்ட, வெளியே இருந்து வெல்டர் சம்மட்டியால் தட்ட, கதவு அசைந்துகொடுக்கவில்லை. ஜன்னல் வழியாக எடுக்கலாம் என்றால் ஜன்னல் கம்பியும் வெல்டர் போட்டது. டீ டம்ளரைத் தவிர வேறெதுவும் அதில் நுழையாது. ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெல்டர் மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கடைசியில் சுவரை இடித்துத்தான் ரெஃப்ரியை வெளியே எடுத்தார்கள். இரண்டாவது எச்சரிக்கை வந்தது. மூன்றாவது தப்பு நடந்தால் கிளப்பை லீக்கை விட்டே தூக்கிவிடுவோம் என்று அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

கிளப்பின் தலைவர் ஒரு முடிதிருத்துபவர். வெல்டருடைய மனைவியின் தம்பி. கடையில் யார் தலையைப் பிடித்தாலும் கிளப்புக்கு ஆள் சேர்க்காமல் விடமாட்டார். எச்சரிக்கையைக் கேட்டதும் அவர் கும்பிடு போட்டுச் சொன்னார்: "மச்சான், உங்க கால்ல விழறேன். இனிமே இரும்ப வெச்சு எதையும் செய்யாதீங்க."

"செய்ய மாட்டேன் மாப்ள. செஞ்சதெல்லாம் செஞ்சாச்சே" என்றார் வெல்டர், ரொம்ப நல்ல மனசோடு.

செய்ததில் முக்கியமானது கோல்கம்பங்கள். பழைய மரக்கம்பம் ஒரு காற்றில் சாய்ந்துபோனதால், இரும்புக் குழாயில் புதிதாக இரண்டு கோல் செய்து, குழி தோண்டி, கான்கிரீட் போட்டு நட்டிருந்தார். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டுத்தான் தோண்டினார். அப்புறம் காற்றை நினைத்து இன்னும் கொஞ்சம் தோண்டினார். கம்பம் உள்ளே போன அளவுக்கு வெளியே குறைந்தது. எட்டடி இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு சாண் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்காமல் இருக்க அவர்களுக்குக் காரணமும் இருந்தது. கோல்கீப்பர் ஒரு பஸ் கண்டக்டர். ஆள் குள்ளம். மற்ற மைதானங்களில் எம்பிக் குதித்தாலும் எட்டாத குறுக்குக் கம்பி, சொந்த மைதானத்தில் கையை நீட்டினால் எட்டியது. இங்கே அவரைத் தாண்டி ஒரு கோல் விழாது, வெளியூர் போனால் அரை டஜன் வாங்கிக்கொண்டு வருவார். பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்வார். நாள் முழுக்க பஸ்ஸிலேயே நிற்கிற ஆளுக்கு அதெப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நம்புவது என்று வந்துவிட்டால் கேள்வி எதற்கு!

எதிரணியில் புதிதாகச் சேர்ந்த பனைமரம் மாதிரி ஒரு பையனால்தான் குட்டு உடைந்தது. தலையால் முட்டி கோல் போட அவன் எம்பியபோது பந்து உள்ளே போனது, நெற்றி கம்பியில் போய் மோதியது. நெற்றி புடைத்து உட்கார்ந்திருந்தவன், "இந்தக் கம்பி எங்க ஊர்ல என் தலைக்கு மேல இருக்கும்" என்றான். அவன் கிளப்பு லீக்குக்குப் புகார் கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வாளர் வந்து அளப்பார், அளவு கூடினாலும் குறைந்தாலும் கிளப்பு வெளியே என்று தகவல் வந்தது.

அன்று சாயங்காலம் வெல்டர் வீட்டில் துக்க வீடு மாதிரி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அறுத்துட்டு ஒரு துண்டு ஒட்டிடலாமே மச்சான்?" என்றார் தலைவர்.

"அறுத்துப் பார்த்தேன் மாப்ள. மூணு பிளேடு போச்சு. குழாய்க்குள்ள முறுக்குக் கம்பி வெச்சு சிமெண்ட ஊத்தியிருக்கேன்."

"குழாய்க்குள்ள எதுக்கு மச்சான் சிமெண்டு?"

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். கண்டக்டர் மூலையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை வருஷப் புகழும் கம்பியுடையது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பெஞ்சு, கதவு, கம்பம் என்று மூன்றும் தன் கை வேலை என்பது வெல்டருக்குத் தெரியாதா? தான் ஒருநாளும் ஆடாத கிளப்பைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வெல்டரின் மனைவி அலமாரியின் மேல்தட்டிலிருந்த டப்பாவை எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு திரும்பினாள். "ஏன்டா தம்பி, அந்த பெஞ்சு நகரலன்னு கோட்டத்தானே நகர்த்துனீங்க? இப்ப கம்பி மேல ஏறலன்னா மண்ண கீழ இறக்க முடியாதா?"

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்கா, நீ தலைவரா இருக்க வேண்டியவ" என்றார் தம்பி.

சனிக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒரு கோலை ஆட்டக்காரர்கள் தோண்டினார்கள். இன்னொன்றை வெல்டர் தன்னந்தனியாகத் தோண்டினார். கம்பிக்குக் கீழே ஒரு சாண் பள்ளம், மைதானத்தின் பக்கம் சரிவாக மேலே ஏறும்படி. சாயங்காலம் தலைவர் இரண்டையும் அளந்தார். இரண்டும் கச்சிதமாக எட்டடி. தலைவர் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

வெல்டர் மட்டும் தன் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரியில் மண் கொஞ்சம் சரிந்துவிட்டால்? மண்வெட்டியை மறுபடி எடுத்தார்.

விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்தது. இரண்டு கோலும் இரண்டு குட்டையாகக் கிடந்தன.

ஆய்வாளர் காரிலிருந்து இறங்கினார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. அவர் முகத்தைப் பார்த்ததும் வெல்டர் தலைவருக்குப் பின்னால் ஒதுங்கினார். அறையில் மாட்டிக்கொண்டு சுவர் வழியாக வெளியே வந்த அதே ரெஃப்ரிதான். இப்போது பதவி உயர்ந்து ஆய்வாளர் ஆகியிருந்தார்.

குட்டையைப் பார்த்தார். "இது என்ன?"

"மழை சார்" என்றார் தலைவர், வானத்தைக் காட்டி.

ஏறி நின்று அளக்க ஒரு ஸ்டூலை நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். யார் செய்தது என்று ஆய்வாளர் கேட்கவில்லை. மேலே அவர் டேப்பைப் பிடிக்க, கண்டக்டர் கெண்டைக்கால் தண்ணீரில் இறங்கி அடி முனையைத் தரையில் வைத்தார். எட்டடி. ஆய்வாளர் தலையை ஆட்டினார். அடுத்த கோலுக்கு நடந்தார்கள்.

இங்கே கண்டக்டர் ஒரு காலை விட்டதும் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அவர் மிரண்டுபோய் வெல்டரைப் பார்த்தார். வெல்டருக்கு அப்போதுதான் நேற்றுச் சாயங்காலம் தன் கை செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. குறைந்த கம்பியை இப்போது கூட்டி வைத்திருக்கிறார். எப்படியும் நாலு விரல் கூடுதல் இருக்கும்.

"நீ கரையேறு, நான் பிடிக்கிறேன்" என்று பூட்ஸோடு குட்டைக்குள் இறங்கினார்.

டேப்பின் முனையைத் தரையில் வைத்தார். மேலே ஆய்வாளர் புருவத்தைச் சுருக்கினார். "எட்டடிய தாண்டுற மாதிரி இருக்கே. நேராப் பிடிங்க."

"டேப்பு ஒரு கல்லுல மாட்டிக்கிச்சு சார். ஒரு நிமிஷம்."

கலங்கிய தண்ணீருக்கு அடியில் வெல்டர் தன் வலது காலை நகர்த்தி, டேப்பின் முனையைத் தூக்கி, பூட்ஸின் இரும்புத் தொப்பிமேல் வைத்து அழுத்திப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் குறையட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"கீழ தரையிலதான இருக்கு?"

"கீழதான் சார் இருக்கு."

ஆய்வாளர் டேப்பைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். வெல்டரின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "எட்டடி. சரியா இருக்கு."

எழுதிக் கொடுப்பதற்காக உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். வாசலில் ஆய்வாளரின் கால் தானாக நின்றது. "இந்தக் கதவு..."

"நான் பிடிச்சுக்கறேன் சார். சாத்தவே விடமாட்டேன்." வெல்டர் ஈர பூட்ஸை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "கால் வலிக்குதா?"

"எதுக்கு சார்?"

"அவ்வளவு அழுத்திப் பிடிச்சீங்களே."

கிளப்பு போயே போய்விட்டது என்று வெல்டர் நினைத்தார்.

"அன்னைக்கு நான் இதே ரூமுக்குள்ள கிடந்தப்ப, வெளிய ஒருத்தர் கதவுல தலைய வெச்சு அழுதாரு. 'சார், கிளப்பு மேல கோவிச்சுக்காதீங்க, தப்பு என்மேலதான்'னு. உள்ள மாட்டிக்கிட்டவன் நான், அழுதது அவரு!" ஆய்வாளர் பேனாவை மூடினார். "வர்ற வாரத்துக்குள்ள பள்ளத்த சரி பண்ணுங்க. அளவா பண்ணுங்க. இன்னும் கொஞ்சம்னு எதையும் செய்யாதீங்க."

வெல்டர் தலையை மட்டும் ஆட்டினார். கதவை விட்டால் சாத்திக்கொள்ளும் என்பதால் கண்ணைத் துடைக்கக் கையும் இல்லை.

அன்று மத்தியானம் நடந்த ஆட்டத்தில் கண்டக்டர் குட்டைக்குள் விழுந்து எழுந்து ஏழு கோல் வாங்கினார். லீக்கில் கிளப்பு கடைசி இடத்துக்குப் போனது. கடைசி இடம் என்றாலும் லீக்கில் ஓர் இடம். தலைவர் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக முடி வெட்டினார்.

சாயங்காலம் வெல்டர் வீட்டுக்கு வந்து சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி வைத்தார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தூக்கப் பார்த்தாள், கனம் தாங்காமல் இரண்டு கையாலும் பிடித்தாள். "என்ன நாத்தம்! இத வெளிய வீசிடவா?"

"வேணாம். கழுவி அலமாரில வை."

"அலமாரிலயா? பாத்திரத்துப் பக்கத்துலயா? எதுக்கு?"

வெல்டர் தன் வலது காலைத் தடவிக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் என்னைய ஆட்டத்துல இறக்குனாங்க" என்றார்.

பூட்ஸைக் கழுவி, ஒரு துணியால் துடைத்து, எக்கி எக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.