கார் பல்லுக்குக் குங்குமம்

மூன்று மாதமாக குருபோங்கில் இருக்கும் எங்கள் வீட்டு போர்ச்சில் ஒரு பழைய கார், பின்சக்கரங்கள் இல்லாமல் கட்டை மேல் நிற்கிறது. அதன் பின் அச்சைக் கழற்றி மாட்டுவதுதான் என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

இன்றும் சரிவராவிட்டால் பழைய இரும்பு லாரிக்குப் போட்டுவிடுவதாக அவரே சொல்லியிருந்தார். நானும் லாரிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் போர்ச்சிலிருந்து குரல். “மா, சாமி மேடையில இருக்கிற குங்குமத்தக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன். எண்ணெயும்.”

“என்னாங்க, அதுக்குள்ள பூசையா?”

“பூசை இல்ல லா. கியர் பல்லு எங்க படுதுன்னு பாக்கணும். அதுக்குப் பூசுற சாயம் முடிஞ்சிருச்சு.”

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். குழைத்து, அச்சுக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்தின் பற்களில் பூசி, பெரிய சக்கரத்தைச் சுற்றினார். அதன் பற்களின் ஓரத்தில் மட்டும் சிவப்பு ஒட்டியது.

“இப்படியே ஓட்டுனா பல்லு தேஞ்சு போயிரும்” என்றார்.

எல்லாவற்றையும் கழற்றினார். தாளைவிட மெல்லிய ஒரு வளையத்தை உள்ளே சேர்த்தார். மறுபடி மாட்டி, மறுபடி பூசிச் சுற்றினார்.

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லிலும், நட்டநடுவில், ஒரே அளவில் ஒரு பொட்டு. திட்ட வந்தவள் என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று என் இடது புருவத்துக்கு மேல் குங்குமம் வைத்ததும் இதே கைதான். ஆல்பத்தில் சாட்சி இருக்கிறது.

அக்காமார்களே, உங்கள் ஆல்பத்தில் பொட்டு எங்கே இருக்கிறது?